நெற்றியில் நாலு கீற்று: வாசகர் கேள்வி–பதில்

கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணுக்கு மாதிரி நெற்றியில் லேசா நாலு முடி விழணும், எனக்குப் பொருந்துமா?” என்று வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விஸ்பி பேங்ஸ், ஸீ-த்ரூ பேங்ஸ், ஏர் பேங்ஸ் என்று பெயர்தான் பல. நெற்றியை மூடாமல், தோல் தெரியத் தெரிய மெல்லிய கீற்றுகளாக விழும் முன்முடிக்குத்தான் இத்தனை பெயரும். நம் ஊர் பார்லர்களில் முன்னால் எதை வெட்டினாலும் ‘ஃப்ளிக்ஸ்’ என்றே சொல்லிப் பழக்கம். அதனால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காராதீர்கள், அளவையும் சொல்லுங்கள்.

எனக்கு வட்ட முகம். பேங்ஸ் வெட்டினால் இன்னும் உருண்டையாகத் தெரியும் என்று பார்லர் அக்கா வெட்ட மறுக்கிறார். அவர் சொல்வது சரியா?
— கல்லூரி மாணவி, திருச்சி

கனமான, நேர்கோட்டு பேங்ஸை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் சரி. அது நெற்றியை முழுக்க மூடிவிடும். முகத்தின் நீளம் குறைந்து அகலம் மட்டும் அப்படியே நிற்கும். கீற்று பேங்ஸில் இடையிடையே நெற்றி தெரிவதால் அந்த நீளம் போவதில்லை.

உங்களுக்கு நடுக்கீற்றுகள் புருவத்தைத் தொட்டால் போதும். நட்டநடுவில் ஒரு விரல் அகலத்துக்கு முடி மிக லேசாக இருக்கட்டும். அங்கிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக இறங்கி, கடைசிக் கீற்று கன்ன எலும்பைத் தாண்டி ஒரு விரல் கீழே முடிய வேண்டும். கன்ன எலும்பின் மேட்டிலேயே முடிந்தால்தான் வம்பு. முடி எங்கே முடிகிறதோ அங்கேதான் பார்ப்பவர் கண் போய் நிற்கும். அது முகத்தின் மிக அகலமான இடமாக இருந்தால், அக்கா பயந்தது நடந்துவிடும்.

மற்ற முகக்காரர்களும் இதையே கேட்டிருக்கிறார்கள். நீள முகத்துக்கு நடு இடைவெளி வேண்டாம். புருவத்துக்கு அரை செ.மீ. கீழ் வரை விட்டு, பக்கவாட்டில் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். சதுர முகத்தில் தாடை ஏற்கெனவே நேர்கோடு. நெற்றியில் இன்னொரு நேர்கோடு கூடாது, பிறை போல வளைந்து ஓரத்தில் நீளட்டும். நெற்றி அகன்று முகவாய் கூராக இருப்பவர்களுக்கு, ஓரக்கீற்று கன்ன எலும்பு வரை வந்தால் நெற்றியின் இரண்டு மூலைகளும் மறையும். நெற்றி குறுகிக் கன்னம் அகன்றவர்கள் நெற்றிப்பொட்டுப் பக்கம் முடியைச் சற்றே கூடுதலாக விடலாம். முட்டை வடிவ முகம் எதையும் தாங்கும்.

ஆனால் ஒன்று: முகவடிவத்தை விட நெற்றியின் உயரம்தான் கணக்கை மாற்றும். புருவத்துக்கு மேல் மூன்று விரல்களைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். மூன்று விரல் சரியாக அடங்கினால் சராசரி நெற்றி. இரண்டுக்கே முடி தட்டினால் குட்டை நெற்றி. அவர்கள் மிகக் குறைந்த முடியை எடுத்து, வகிட்டிலிருந்து இரு பக்கமும் ஒதுங்கும்படி விடுவதுதான் நல்லது. நான்கு விரல் போனால் யோசிக்கவே வேண்டாம், வெட்டலாம்.

வீட்டிலேயே வெட்டிக்கொள்ள முடியுமா? எவ்வளவு முடி எடுக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.
— வாசகி, தாம்பரம்

முடியும். நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. கெட்டுப்போன பேங்ஸைப் பார்த்தால், கத்தரி போட்டது சரியாகவே இருக்கும்; எடுத்த முடிதான் அதிகமாக இருக்கும்.

கத்தரி முடி வெட்டுவதாகவே இருக்கட்டும், ஐந்து அல்லது ஐந்தரை அங்குலம் போதும். துணி வெட்டும் கத்தரியும் சமையலறைக் கத்தரியும் மெல்லிய முடியை வெட்டாமல் மடித்துத் தள்ளும். நுனி நசுங்கிப் பிளக்கும். இதோடு ஒரு வால் சீப்பு, இரண்டு கிளிப், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணாடி. தலைக்குக் குளித்து, முன்முடியில் கண்டிஷனர் போடாமல், மின்விசிறிக் காற்றில் தானாகக் காயவிடுங்கள். ஈரத்தில் வெட்டாதீர்கள். ஈரமுடி நீண்டு தொங்கும், காய்ந்தால் மேலே ஏறும். கோரை முடியே ஒரு செ.மீ. வரை ஏறும், அலை முடி இரண்டு செ.மீ. கூட ஏறும்.

இப்போது முக்கோணம். வால் சீப்பை உச்சியில் படுக்கையாக வைத்து நெற்றியை நோக்கி நீட்டுங்கள். ஓர் இடத்தில் தலை கீழ்நோக்கி வளைய ஆரம்பிக்கும், சீப்பு அந்தரத்தில் நிற்கும். முழு பேங்ஸுக்கு அந்த இடம்தான் பின் எல்லை. கீற்று பேங்ஸுக்கு அவ்வளவு பின்னால் போகத் தேவையில்லை. முடி ஆரம்பிக்கும் கோட்டிலிருந்து 2 முதல் 2.5 செ.மீ. பின்னால் ஒரு புள்ளி போதும். அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும், புருவம் வளையும் மேட்டுக்கு நேர் மேலே வரை சீப்பு வாலால் கோடு இழுங்கள். புருவ நுனி வரை போகக் கூடாது. அங்கே கை வைத்தால் பக்கவாட்டு முடியும் சேர்ந்து வந்துவிடும். பின்னல் போடும்போது காதுக்கு முன்னால் விசிறி மாதிரி நிற்பது அந்த முடிதான்.

எடுத்ததை லேசாகத் திரித்துக் கனம் பாருங்கள். பேனா ரீஃபில் கனம் இருந்தால் சரி. பென்சில் கனம் இருந்தால் அது கீற்று இல்லை, திரை. அடர்த்தியான முடிக்காரர்கள் முக்கோணத்தின் பின்பகுதியைத் திரும்ப விட்டுவிட வேண்டும். மீதி முடியை இறுக்கமாகக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். தவறி ஒரு கீற்று முன்னால் வந்து மாட்டினால் அது வளர ஒரு வருஷம்.

முதல் வெட்டு மூக்கு நுனி மட்டத்தில். முன்முடியை நேராகக் கீழே சீவி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இழுக்காமல் பிடியுங்கள். கத்தரியைக் குறுக்கே போடாமல் நுனி மேல்நோக்கி இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து, அரை செ.மீ. ஆழத்துக்குக் கொத்திக் கொத்தி வெட்டுங்கள். குறுக்கே ஒரே வெட்டாகப் போட்டால் கிண்ணம் கவிழ்த்த மாதிரி கோடு விழும். பிறகு இடது பாதியை மட்டும் எடுத்து மூக்கின் நடுவுக்குக் கொண்டுவந்து, அதே மட்டத்தில் கொத்துங்கள். வலது பாதியையும் அப்படியே. ஓர முடி நடுவுக்கு வர அதிக தூரம் பயணம் செய்வதால், விட்டவுடன் அது தானாக நீளமாக விழும். நாம் வேண்டுகிற சாய்வு இதில்தான் கிடைக்கிறது.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அரை செ.மீ.க்கு மேல் குறைக்காமல், கையால் கலைத்துவிட்டுப் பார்த்து, நினைத்த நீளத்துக்கு ஒரு செ.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள். இரண்டு நாள் அப்படியே இருங்கள். ஒரு முறை தலைக்குக் குளித்துக் காய்ந்த பிறகு அது எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் கடைசி வெட்டு.

முன்முடியைக் கயிறு மாதிரி திருகி ஒரே வெட்டாக வெட்டும் வீடியோக்களை நம்பிப் பலர் எழுதியிருக்கிறார்கள். திருகின முடியில் எந்த இழை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது; வந்தால் அதிர்ஷ்டம். பல் வைத்த தின்னிங் கத்தரியும் அப்படித்தான். கடைசி மூன்றில் ஒரு பங்கில் ஓரிரு முறை போடலாம். வேருக்குப் பக்கத்தில் போட்டால் உள்ளே குட்டை குட்டையாக முடி முளைத்து, மேல் முடியைத் தூக்கிக்கொண்டு பிரஷ் மாதிரி நிற்கும்.

எனக்குச் சுருட்டை முடி. முதலில் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொண்டு பிறகு பேங்ஸ் வெட்டலாம் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பேங்ஸுக்காகச் செய்ய வேண்டாம். முடி மாதத்துக்கு ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வளரும். இரண்டு மாதத்தில் வேரில் இரண்டரை செ.மீ. சுருட்டையும் அதற்குக் கீழே கம்பி மாதிரி நேர் முடியும் நிற்கும். பின்னலில் இது தெரியாது, மறைந்துவிடும். நெற்றியில் மறைக்க இடமே இல்லை. சுருட்டை வேர் நேர் முடியை முன்னால் தள்ளிக் கூரை மாதிரி நிறுத்தும்.

சுருளாகவே வெட்டுங்கள். நன்றாகக் காய்ந்து, சுருள் அதன் போக்கில் விழுந்த பிறகு, சீப்பே போடாமல் ஐந்து முதல் ஏழு சுருள்களை மட்டும் முன்னால் எடுங்கள். இழுத்துப் பிடித்தால் மூக்கு நுனியைத் தாண்டும் சுருள், விட்டால் புருவத்துக்கு மேலே போய் உட்காரும். ஆகவே இழுக்காமல், ஒவ்வொரு சுருளாக, அது வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு வெட்டு. எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வெட்டாதீர்கள்; நடுச்சுருள் புருவத்துக்குக் கீழே, ஓரச்சுருள் கன்னம் வரை. தின்னிங் கத்தரி, ரேஸர் இரண்டையும் பார்லரில் கண்டால் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுருளின் கட்டு உடைந்து பஞ்சாகப் பறக்கும். குளித்த பிறகு சொட்டச் சொட்ட ஈரத்தில் ஒரு பட்டாணி அளவு ஜெல் தடவி, முழுக்கக் காயும்வரை கை வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வெட்டின முதல் நாளிலிருந்தே என் பேங்ஸ் நடுவில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. வெட்டியது தவறா?
— வாசகி, ஈரோடு

வெட்டு இல்லை, சுழி. முன்முடியை நனைத்துப் பின்னால் வாரி, உள்ளங்கையால் மெல்ல முன்னால் தள்ளுங்கள். எந்த இடத்தில் முடி தானாகப் பிரிந்து ஒரு பக்கம் சாய்கிறதோ அங்கே சுழி இருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய சோதனை இது. பார்லரில் உலர்ந்த முடியை வாரிவிட்டுப் பார்த்தால் தெரியாது.

சமாளிக்க வழி உண்டு. ஈரத்தில் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும். காயும்போது முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே மறுபடி கட்டிக்கொள்ளும். அதனால் குளித்துவிட்டுத் துண்டு கட்டிக்கொண்டு காபி குடித்து வருவதற்குள் சுழி தன் வேலையை முடித்திருக்கும். துண்டை அவிழ்த்த உடனே, உடம்பெல்லாம் ஈரமாக இருந்தாலும், முதலில் முன்முடி. ட்ரையரில் குறுகலான மூக்கைப் பொருத்தி, மேலிருந்து கீழாகக் காற்று அடிக்க, சீப்பால் முடியை நெற்றியோடு ஒட்ட இடது பக்கம் தள்ளிக் காயவையுங்கள், பிறகு வலது பக்கம், மறுபடி இடது. வேர் இரண்டு பக்கமும் போய் வந்து குழம்பிப்போய் நடுவில் படியும். இரண்டு மூன்று நிமிடம் போதும், கடைசியில் குளிர்காற்று. ஈரப்பதமான நாளில் இதே பிணைப்புகள் காற்றின் ஈரத்திலேயே அவிழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுழி நெற்றியின் நட்டநடுவில் பலமாக இருந்தால் சண்டை போடாதீர்கள். அது சாயும் பக்கமே பேங்ஸையும் சாய்த்துவிட்டால் நன்றாகவே இருக்கும்.

என் பேங்ஸைப் பார்த்துப் பாட்டி “சாதனா கட்டா?” என்கிறார். அது என்ன?
— வாசகி, கோவை

இந்தி நடிகை சாதனா 1960-இல் வந்த ‘லவ் இன் சிம்லா’ படத்துக்காக வெட்டிக்கொண்ட முன்முடி. அவருடைய அகலமான நெற்றியை மறைக்க, ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் முன்முடியைப் பார்த்துச் செய்தது. நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதற்கு நெற்றியை மறைப்பது வேலை, உங்களுடையதற்குப் பாதி காட்டுவது வேலை. மற்றபடி பாட்டி சொன்னதில் தப்பில்லை, ஒரே குடும்பம்தான்.

காலையில் அழகாக இருக்கிறது. ஸ்கூட்டரில் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் ஹெல்மெட்டும் வியர்வையும் சேர்ந்து நாலு கயிறாகத் திரிந்துவிடுகிறது.
— வாசகி, சென்னை

கீற்று பேங்ஸின் பலவீனமே இதுதான். இருப்பது கொஞ்சம் முடி, அதுவும் எண்ணெய் சுரக்கும் நெற்றியின் மேல் நாள் முழுக்கக் கிடக்கிறது. பின்னந்தலை முடி மூன்று நாளில் எண்ணெய் பிடித்தால் முன்முடி ஒரே நாளில் பிடிக்கும்.

ஹெல்மெட்டுக்கு முன் பேங்ஸைப் பின்னால் தள்ளி, மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டி, அதன்மேல் ஹெல்மெட் போடுங்கள். நெற்றியோடு அழுத்தி மாட்டினால் வியர்வையில் ஊறி அப்படியே அச்சாகப் படியும். இறங்கியதும் நெற்றியை டிஷ்யூவால் ஒற்றி, வேரில் மட்டும் விரலால் தண்ணீர் தொட்டு முன்னால் இழுத்து, ஒரு வெல்க்ரோ ரோலரைச் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். நான்கு செ.மீ. தடிமன் ரோலர் சரியாக இருக்கும். சின்னதாக வாங்கினால் குழந்தைக்குச் சுருட்டிவிட்ட மாதிரி உள்பக்கம் மடியும்.

தினமும் தலைக்குக் குளிக்க வேண்டாம். மீதியைக் கொண்டை போட்டுவிட்டு, வாஷ்பேசினில் குனிந்து முன்முடியை மட்டும் இரண்டு சொட்டு ஷாம்புவில் அலசினால் ஆயிற்று. ட்ரை ஷாம்பு (தண்ணீர் இல்லாமல் எண்ணெயை உறிஞ்சும் ஸ்ப்ரே) போடுபவர்கள் வியர்த்த பிறகு போடுகிறார்கள், மாவாகத் திரளும். காலையிலேயே, முடி சுத்தமாக இருக்கும்போது, 20 செ.மீ. தள்ளிப் பிடித்து வேரில் ஒரு முறை அடித்து வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் தேய்ப்பதை விடச் சொல்லவில்லை. நெற்றி முடிக்கோட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி ஆரம்பியுங்கள். எண்ணெய் ஊறிய பேங்ஸ் நெற்றியில் உராய்ந்துகொண்டே இருந்தால் துளை அடைத்துச் சின்னச் சின்னப் பருவாகக் கிளம்பும்.

பிரசவமாகி ஐந்து மாதம். முன்னால் முடி கொட்டி நெற்றி ஏறின மாதிரி இருக்கிறது. மறைக்க பேங்ஸ் வெட்டலாமா?
— வாசகி, மதுரை

இப்போது வெட்டாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு, நான்கு மாதங்களுக்குள் முடி கொத்தாகக் கொட்ட ஆரம்பிப்பது பொதுவாக நடப்பதுதான். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டி பழைய அடர்த்தி திரும்பிவிடும். முன்னால் முடி குறைந்திருக்கும் நேரத்தில் இருப்பதையும் குட்டையாக்கினால், அதை ஒதுக்கி வாரிக்கொள்ளும் வசதியும் போய்விடும்.

வெளிச்சத்தில் நின்று முடிக்கோட்டைப் பாருங்கள். இரண்டு மூன்று செ.மீ. நீளத்தில், நுனி கூர்மையாக, எழுந்து நிற்கும் புதுமுடி தெரிந்தால் அது திரும்பி வளர்வது. இன்னும் சில மாதத்தில் அதுவே கத்தரி படாத கீற்று பேங்ஸாக விழும். ஈரமான மென்பிரஷ்ஷில் துளி ஜெல் தொட்டு ஒரு பக்கம் படியவைத்தால் போதும்.

புதுமுடி எதுவும் இல்லாமல், நெற்றிப்பொட்டுப் பக்கம் தோல் வழவழப்பாகத் தெரிந்தால் கதை வேறு. வருஷக்கணக்கில் இறுக்கிப் பின்னுவதாலும் கொண்டை போடுவதாலும் வேர் இழுபட்டு அப்படி ஆவதுண்டு. ஆரம்பத்திலேயே தோல் மருத்துவரைப் பாருங்கள், அதுவரை பின்னலைத் தளர்த்துங்கள்.

இரண்டு மாதத்தில் கல்யாணம். நெற்றிச்சுட்டியோடு பேங்ஸ் எடுபடுமா?
— வாசகி, தஞ்சாவூர்

எடுபடாது. சுட்டி வகிட்டில் படிந்து நெற்றியில் தொங்க வேண்டியது; பேங்ஸ் அதன் கீழே சிக்கி, முகூர்த்தப் படங்களில் பொட்டுக்கு மேலே கலைந்த முடியாகத்தான் தெரியும். வரவேற்புக்கு மட்டும் ஆசை என்றால் கிளிப் பேங்ஸ் வாங்குங்கள். அசல் முடியில் செய்ததாக இருந்தால்தான் வெட்டிச் சரிசெய்யலாம், சூடு காட்டலாம். உங்கள் முடி நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு வாங்கி, கனம் அதிகமாக இருந்தால் பார்லரில் கொடுத்துப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போடுபவர்கள்?
— வாசகி, புதுச்சேரி

நடுக்கீற்று ஃப்ரேமின் மேல்விளிம்புக்கு ஒரு செ.மீ. மேலேயே நிற்கட்டும், ஓரக்கீற்றுகள் ஃப்ரேமுக்கு வெளியே விழட்டும். இடைப்பட்ட நீளம் லென்ஸுக்கும் இமைக்கும் நடுவில் மாட்டிக் கண்ணைக் குத்தும். வெட்டும்போது கண்ணாடியைப் போட்டுக் காட்டிவிட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பாருங்கள். தடித்த கறுப்பு ஃப்ரேம் என்றால் முடியை இன்னும் குறையுங்கள்.

வெட்டிவிட்டேன், பிடிக்கவில்லை. வளர எவ்வளவு நாள்?
— வாசகி, சேலம்

புருவத்திலிருந்து கன்ன எலும்பு வரை ஐந்து மாதத்துக்குக் குறையாது, முகவாய் வரை பத்து மாதமாவது ஆகும். முதல் இரண்டு மாதம் கண்ணில் விழும் நீளம்தான் கஷ்டம். அப்போது நடுவில் கை வைக்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு நுனிகளை மட்டும் சாய்வாகக் கொத்தச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒதுங்கி கர்டன் பேங்ஸாக மாறும். அதன் பிறகு வகிட்டை ஒரு விரல் தள்ளி எடுத்து, முன்முடியைப் பக்கத்து முடியோடு சேர்த்துத் தளர்வாகப் பின்னி, காதுக்கு மேலே கறுப்புக் கொண்டை ஊசியின் நெளிந்த பக்கம் தலையை ஒட்டி இருக்கும்படி குத்துங்கள். வழவழப்பான பக்கம் உள்ளே போனால் அரை மணியில் நழுவிவிடும்.